‘டே’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடும் முறை

நாளையும் பகலையும் குறிக்கும் ‘டே’ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லும், அதே பொருளில் இலத்தீனில் வழங்கிய ‘தியேஸ்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று படித்தவர்களில் பலரே நம்புகிறார்கள். பொருள் ஒன்று, உரோம எழுத்தில் முதலெழுத்து ஒன்று, இரு மொழிகளும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதும் உண்மை. ஆகவே அந்த நம்பிக்கை எழுவது இயல்புதான். ஆயினும் அவ்விரு சொற்களுக்கும் உறவு இல்லை. இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது, உண்மையான உறவுச் சொற்களை எங்கே தேடுவது என்பவற்றை இந்த ஒரு சொல்லைக் கொண்டே இங்கு விளக்கலாம். குறுஞ்சொற்களை ஆராய்வது நெடுஞ்சொற்களை ஆராய்வதைவிடக் கடினம். இரண்டு மூன்று ஒலிகளே உள்ள சொல்லுக்கு உலகின் ஏதேனும் ஒரு மொழியில் தற்செயலாக ஒப்பான சொல் கிடைத்துவிடும் என்பதே அதற்குக் காரணம்.

வேலையைத் தொடங்குமுன் எழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் ‘வண்டி’ என்பதில் வரும் டகரம் தொண்டை அதிர ஒலிப்பது. ‘பாட்டு’ என்பதில் வரும் டகரம் அதிராமல் ஒலிப்பது. நமக்கு இரண்டும் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் அவை வெவ்வேறு எழுத்துகள். ‘டே’ அதிரும் டகரத்தில் தொடங்குகிறது. பத்து என்னும் பொருளுடைய ‘டென்’ அதிராத டகரத்தில் தொடங்குகிறது. ககரத்திற்கும் தகரத்திற்கும் பகரத்திற்கும் இதே நிலைதான். ஆகவே பிறமொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து ஒப்பிடுவது ஆபத்தானது. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே ‘கண்டுபிடிக்கப்படும்’ உறவுகளில் கணிசமானவை, இந்த வேறுபாடுகளை நம் எழுத்து மறைத்துவிடுவதால் பிறந்தவை என்பது என் கருத்து. உங்கள் குறிப்பேட்டில் உரோம எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இக்கட்டுரையில் தேவைப்படும் இடத்தில் ‘அதிரும்’, ‘அதிராத’ என்று குறித்துக் காட்டுகிறேன்.

முதல் வேலை ஆங்கிலத்துக்குள்ளேயே பின்னோக்கிச் செல்வது. பலர் இதைத் தவிர்த்துவிட்டு நேராக இலத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் தாவுகிறார்கள். தவறுகளில் பெரும்பகுதி அந்தத் தாவலில்தான் நேர்கிறது. சுமார் 1100 முதல் 1500 வரையான ஆங்கிலத்தை இடைக்கால ஆங்கிலம் என்றும், அதற்கு முற்பட்டதைப் பழைய ஆங்கிலம் என்றும் வழங்குவர். முன்னதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய இடைக்கால ஆங்கில அகராதியும், பின்னதற்குப் பாஸ்வர்த்-டாலர் அகராதியும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இன்றைய பதிப்புக்குச் சந்தா வேண்டும். ஆனால் பழைய தொகுதிகளின் படிகளை இணைய ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். எந்த அகராதியானாலும் முதலில் பார்க்க வேண்டியது விளக்கத்தை அன்று, மேற்கோள்களையும் அவற்றின் காலத்தையும்தான். சொல் எந்த நூற்றாண்டில், எந்த எழுத்துக்கூட்டலில், எந்தப் பொருளில் எழுத்தில் இடம்பெற்றது என்பதே கையில் பிடிக்கக்கூடிய சான்று.

‘டே’ என்பதன் பழைய ஆங்கில வடிவத்தின் இறுதியில் ககரத்துக்குரிய உரோம எழுத்து உண்டு. எழுத்து அதுவாயினும், முன்னுயிருக்குப் (நாக்கு முன்னே நகர்ந்து ஒலிக்கும் இ, எ போன்ற உயிருக்கு) பின் வந்ததால் அது யகர மெய்யாக ஒலித்தது. பன்மையிலோ அச்சொல் ‘டகாஸ்’ என்று இருந்தது. அங்கே ககரத்தின் இருபுறமும் பின்னுயிர் (நாக்கு பின்னே ஒதுங்கி ஒலிக்கும் அ, உ போன்ற உயிர்) இருந்ததால் அது யகரமாகாமல் நாளடைவில் வகரமாயிற்று. இடைக்கால ஆங்கிலத்தில் ‘டாவெஸ்’ என்ற பன்மை வழக்கில் இருந்தது. பிற்காலத்தில் ஒருமையைப் பார்த்துப் பன்மையும் ‘டேஸ்’ என்று ஒழுங்குபட்டுவிட்டது. ஆனால் அந்த வகரம் முற்றாக அழிந்துவிடவில்லை. விடியலைக் குறிக்கும் ‘டான்’ என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலில் அதை இன்றும் காணலாம். ‘பகலாதல்’ என்ற பொருளுடைய ‘டகியன்’ என்ற பழைய வினையின் வழிவந்தது அச்சொல். டெய்சி என்ற பூவின் பெயரும் இதே குடும்பத்தது: பழைய ஆங்கிலத்தில் அது ‘பகலின் கண்’ என்னும் தொடர். காலையில் இதழ் விரித்து மாலையில் குவியும் பூவுக்குப் பொருத்தமான பெயர்தான்.

இப்படி ஒரு மாற்றத்தைக் கண்டவுடன், அது இந்த ஒரு சொல்லில் மட்டும் நேர்ந்ததா, மற்றச் சொற்களிலும் நேர்ந்ததா என்று சோதிக்க வேண்டும். ஒரே சொல்லில் மட்டும் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒலிமாற்றத்தை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்பாதிருப்பது நல்லது. வழியைக் குறிக்கும் ‘வே’, ஜெர்மனில் ‘வேக்’. மழையைக் குறிக்கும் ‘ரெயின்’, ஜெர்மனில் ‘ரேகன்’. நகத்தைக் குறிக்கும் ‘நெயில்’, ஜெர்மனில் ‘நாகல்’. மூன்றிலும் ஜெர்மன் எழுத்தில் ககரம் நிற்கும் இடத்தில் ஆங்கிலம் அதை யகரமாக்கிக் கரைத்துவிட்டிருக்கிறது. வில்லைக் குறிக்கும் ‘போ’ ஜெர்மனில் ‘போகன்’ என்பதும், ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டல் வகரத்துக்குரிய எழுத்தில் முடிவதும், ககரம் வகரமான மற்றொரு மாற்றத்துக்குச் சான்று. ஆகவே ‘டே’ என்பதன் ஈற்றில் ஒரு காலத்தில் ககரம் இருந்தது என்பது ஊகமன்று.

அடுத்து, ஆங்கிலமும் ஜெர்மனும் அடங்கிய ஜெர்மானியக் கிளையின் உடன்பிறந்த மொழிகளுக்குச் செல்ல வேண்டும். டச்சு, சுவீடிஷ், டேனிஷ் ஆகியவற்றில் ‘டாக்’. பழைய நார்ஸ் மொழியில் ‘டகர்’. கோதிக் மொழியில் ‘டக்ஸ்’. கோதிக் நமக்குக் கிடைப்பதே 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் செய்த பைபிள் மொழிபெயர்ப்பால்தான். ஜெர்மானிய மொழிகளில் இவ்வளவு பழைய நெடிய உரை வேறில்லை என்பதால் அதன் சாட்சியம் பெரிதும் மதிக்கப்படுகிறது. ஜெர்மன் மொழியில் மட்டும் ‘டாக்’ என்பது அதிராத டகரத்தில் தொடங்குகிறது. இதனால் குழம்ப வேண்டியதில்லை. பருகுதலைக் குறிக்கும் ‘டிரிங்க்’, மகளைக் குறிக்கும் ‘டாட்டர்’, கதவைக் குறிக்கும் ‘டோர்’ என ஆங்கிலம் அதிரும் டகரம் கொள்ளும் இடங்களிலெல்லாம் ஜெர்மன் அதிராத டகரம் கொள்கிறது. அது ஜெர்மன் தனித்துப் பிரிந்தபின் அடைந்த மாற்றம்.

இவ்வடிவங்கள் அனைத்துக்கும் பொதுவான மூதாதை ‘*டகஸ்’ என்று மீட்டுருவாக்கப்பட்டுள்ளது. முன்னால் உள்ள உடுக்குறியைக் கவனியுங்கள்: அவ்வடிவம் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை, ஒப்பீட்டின் மூலம் பெறப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. உடுக்குறி உள்ளதையும் இல்லாததையும் ஒரே உறுதியோடு எழுதும் கட்டுரைகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். இணையக் கூட்டு அகராதியான விக்சனரியில் இனச்சொற்களின், அதாவது ஒரே வேரில் கிளைத்த சொற்களின், பட்டியல் வளமாக இருக்கும், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் தரம் மாறும். ஆகவே அதில் கண்டதை அந்தந்த மொழியின் அகராதியில் ஒருமுறை சரிபார்த்துவிட்டே குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும்.

இனி இலத்தீனின் ‘தியேஸ்’ உறவுதானா என்ற கேள்விக்கு வரலாம். இதற்கு விடை சொல்வது, டேனிஷ் அறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் 1818இல் வெளியிட்ட நூலிலும், யாக்கோப் கிரிம் 1822இல் தம் ஜெர்மன் இலக்கண நூலின் இரண்டாம் பதிப்பிலும் விளக்கிய ஒலிமாற்ற விதி. தேவதைக் கதைகளைத் தம்பியோடு சேர்ந்து தொகுத்த அதே கிரிம்தான் இவர். இலத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் பகரம் உள்ள இடத்தில் ஆங்கிலம் முதலிய ஜெர்மானிய மொழிகளில் ஃபகரம் வரும். அதிரும் தகரம் உள்ள இடத்தில் அதிராத டகரம் வரும். தமிழ் படித்தவர்களுக்கு இதற்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை; தமிழில் கலந்த வடசொற்களே போதும். பிதாவுக்கு ‘ஃபாதர்’, பாதத்துக்கு ‘ஃபுட்’. தசத்துக்கு ‘டென்’, தந்தத்துக்கு ‘டூத்’, துவி என்பதற்கு ‘டூ’. இலத்தீனில் இவற்றுக்கு இணையானவை ‘பாத்தெர்’, ‘பேஸ்’, ‘தெகெம்’, ‘தென்ஸ்’, ‘துவோ’. சகர ஒலியான ‘ஸ்’ முன்னால் நின்றால் இம்மாற்றம் நிகழாது. ‘ஸ்தா’ என்ற வடமொழி வேருக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டாண்ட்’ என அதிராத டகரமே நிற்பது அதனால்தான். எஞ்சிய விதிவிலக்குகள் சிலவற்றை 1870களில் கார்ல் வெர்னர் சொல்லழுத்தத்தைக் கொண்டு விளக்கினார். ‘டே’ என்பதன் முதல் ஒலிக்கு அவை தேவைப்படுவதில்லை.

விதியைப் பொருத்திப் பாருங்கள். ‘தியேஸ்’ அதிரும் தகரத்தில் தொடங்குகிறது. அதற்கு ஆங்கிலத்தில் உண்மையான இனச்சொல் இருக்குமானால் அது ‘டென்’, ‘டூ’, ‘டூத்’ போல அதிராத டகரத்தில் தொடங்க வேண்டும். ‘டே’ அப்படித் தொடங்கவில்லை. முதலெழுத்து ஒன்றாயிருப்பதே இங்கு உறவுக்கு எதிரான சான்றாகிறது என்பதுதான் இதில் உள்ள நயம். இலத்தீன் சொல்லோடு மிக நெருங்கி ஒத்திருக்கும் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் கடனாகப் பெறப்பட்டதாக இருக்கும், அன்றேல் தற்செயலாக இருக்கும். பல் மருத்துவம் சார்ந்த ‘டெண்டல்’ கடன், ‘டூத்’ பரம்பரைச் சொத்து. ‘டெசிமல்’ கடன், ‘டென்’ பரம்பரைச் சொத்து. நாட்குறிப்பைக் குறிக்கும் ‘டைரி’யும், பிரெஞ்சு வழியாக வந்த ‘ஜர்னல்’, ‘ஜர்னி’ ஆகியனவும் ‘தியேஸ்’ வழிவந்தவையே. ஆனால் அவை 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதற்குப் பின்னர் வெவ்வேறு காலங்களில் குடியேறியவை. ‘ஜர்னி’ என்பது முதலில் ஒரு நாள் பயணத்தையோ ஒரு நாள் வேலையையோதான் குறித்தது.

அப்படியானால் ‘தியேஸ்’ என்பதன் வேருக்கு ஆங்கிலத்தில் பரம்பரை வாரிசே இல்லையா என்றால், இருக்கிறது. ஒளிரும் வானத்தைக் குறித்த அவ்வேரிலிருந்தே சமஸ்கிருதத்தின் ‘தியௌ’, ‘தேவ’, ‘தினம்’, ‘திவ்ய’ ஆகியனவும், கிரேக்கத்தின் ‘சியூஸ்’ என்ற கடவுட் பெயரும், இலத்தீனின் ‘தேயுஸ்’ என்பதும் வந்தன. விதிப்படி அதிராத டகரத்தோடு ஜெர்மானியத்தில் அது ‘டீவ்’ என்ற போர்க்கடவுளின் பெயராயிற்று. அவர் பெயரால் அமைந்ததுதான் செவ்வாய்க்கிழமையைக் குறிக்கும் ‘டியூஸ்டே’. அந்த ஒரே சொல்லின் முற்பாதி ‘தியேஸ்’ என்பதற்கு உறவு, பிற்பாதி உறவன்று. இரண்டு பாதிகளும் வேறு வேறு எழுத்துகளில் தொடங்குவதை உரோம எழுத்தில் எழுதிப் பார்த்தால் விதி கண்முன்னே தெரியும்.

‘டே’ என்பதன் முதல் ஒலிக்கு உரிய மூலம் எது என்பதையும் அதே விதி சொல்லிவிடுகிறது. ஜெர்மானியத்தின் அதிரும் டகரம், இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் முழுவதற்கும் தாயான மூல மொழியில் மூச்சொலி சேர்ந்த தகரமாக இருந்தது. வடமொழியில் ‘தர்மம்’, ‘தனம்’ என்பவற்றின் முதலொலி போன்றது அது. அது சமஸ்கிருதத்தில் அப்படியே நிற்கும்; கிரேக்கத்தில் அதிராத மூச்சுத் தகரமாகும்; இலத்தீனில் சொல் முதலில் ஃபகரமாகிவிடும். செய்தலைக் குறிக்கும் ஆங்கில ‘டூ’, வைத்தலைக் குறிக்கும் சமஸ்கிருத ‘தா’, செய்தலைக் குறிக்கும் இலத்தீன் ‘ஃபகெரே’ ஆகியவை தொடர்பே இல்லாதவை போல் ஒலித்தாலும் ஒரே வேரின் கிளைகள். ஆகவே இலத்தீனில் ‘டே’ என்பதற்கு உறவு தேட வேண்டுமானால் ஃபகரத்தில்தான் தேட வேண்டும்.

உயிரொலியையும் மறந்துவிடக் கூடாது. மூல மொழியின் குறில் ஒகரம் ஜெர்மானியத்தில் அகரமாகும்: எட்டைக் குறிக்கும் இலத்தீன் ‘ஒக்தோ’, கோதிக்கில் ‘அஹ்தவ்’. ஆகவே ‘*டகஸ்’ என்பதற்குப் பின்னால், மூச்சொலி சேர்ந்த தகரத்தில் தொடங்கி, நடுவில் ஒகரமும், இறுதியில் மூச்சொலி சேர்ந்த ஒரு ககர வகையும் கொண்ட வடிவம் ஒன்றை எதிர்பார்க்கலாம். எரிதலைக் குறிக்கும் ஒரு வேர் இவ்விடத்தில் பொருந்துகிறது. லித்துவேனிய மொழியில் ‘தெக்தி’ என்றால் எரிதல்; அதற்கு நெருங்கிய உறவான பழைய பிரஷ்ய மொழியில் ‘தகிஸ்’ என்றால் கோடை; இலத்தீனில் ‘ஃபொவேரே’ என்றால் கதகதப்பாக வைத்தல்; சமஸ்கிருதத்தில் ‘தஹ்’ என்றால் எரித்தல், ‘நிதாகம்’ என்றால் வெப்பம், கோடை. எரியும் வெப்பம், வெப்பமான காலம், பகல் என்று பொருள் நகர்ந்திருக்க வேண்டும்.

இங்கே கூர்ந்து படிப்பவர் ஒரு தடை எழுப்பலாம். ‘தஹ்’ என்பதன் முதல் தகரத்தில் மூச்சொலி இல்லையே என்பது அத்தடை. ஒரே சொல்லில் இரண்டு மூச்சொலி மெய்கள் அடுத்தடுத்த அசைகளில் வந்தால் முதலாவது தன் மூச்சை இழக்கும் என்பதை 1863இல் ஹெர்மன் கிராஸ்மன் நிறுவினார். கணிதத்தில் புதுத்துறைக்கு அடியிட்டும் தம் காலத்தில் போதிய மதிப்புப் பெறாமல், இருக்கு வேதத்துக்கு அகராதி செய்தவர் அவர். அவர் விதி சரி என்பதை அதே வினையின் எதிர்கால வடிவம் காட்டிவிடும்: ‘தக்ஷ்யதி’ என்ற அவ்வடிவத்தில் பின் மெய்யின் மூச்சு மறைந்துவிடுவதால், முதல் தகரம் தன் மூச்சைத் திரும்பப் பெறுகிறது. சமஸ்கிருத வடிவங்களைச் சரிபார்க்கக் கொலோன் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் மோனியர்-வில்லியம்ஸ் அகராதி போதுமானது.

தமிழில் வழங்கும் ‘தகனம்’ இவ்வேரின் வழிவந்த வடசொல். அதனால் ‘டே’ என்பதும் ‘தகனம்’ என்பதும் தூரத்து உறவினராகின்றன. ஆனால் தமிழும் ஆங்கிலமும் உறவினராகிவிடுவதில்லை. எரி, சுடு, நாள், பகல் என்பனவே நம்முடையவை. அவை இந்தக் குடும்பத்துக்கு வெளியே நிற்கின்றன.

எரிதல் வேரை எல்லோரும் ஒருமனதாக ஏற்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். நாளைக் குறிக்கும் சமஸ்கிருத ‘அஹர்’ என்பதோடு இதை இணைக்கும் கருத்தும் உண்டு. பொருள் கச்சிதமாகப் பொருந்தினாலும், முதலில் உள்ள டகரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அக்கருத்து நேரான விடை தருவதில்லை. எரிதல் வேரின் தாக்கத்தால் டகரம் ஒட்டிக்கொண்டது என்று சொல்லிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு எரிதல் வேரே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. குறிப்பேட்டிலோ, பழைய ஆங்கிலம் வரை எழுத்துச் சான்று உண்டு, ஜெர்மானிய மொழிகளின் பொது மூதாதையான தொல்ஜெர்மானியம் வரை ஐயமில்லை, அதற்கு அப்பால் பெரும்பான்மைக் கருத்து என்று மூன்று நிலையாகப் பிரித்தே எழுத வேண்டும்.

சில சொற்களின் தடம் இவ்வளவு தூரம் செல்லாது. நாயைக் குறிக்கும் ‘டாக்’ பழைய ஆங்கிலத்தில் அரிதாக ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. அக்காலத்துப் பொதுச்சொல் ‘ஹுண்ட்’. ‘டாக்’ என்பதற்கு மற்ற ஜெர்மானிய மொழிகளில் தொன்மையான இனச்சொல் இல்லை. அங்கே நிறுத்திவிடுவதுதான் முறை. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபரத்திலும் நாய்க்குக் கிட்டத்தட்ட ‘டாக்’ என்றே பெயர் இருந்தது. அது ஆங்கிலத்திடம் பெற்றதன்று. ‘குதகா’ என்ற பழைய வடிவம் அம்மொழியின் ஒழுங்கான ஒலிமாற்றங்களால் குறுகி அப்படியானது. பக்கத்து மொழியான யிடினியில் ‘குதகா’ அப்படியே இருக்கிறது.

இதே சோதனையைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே சொல்லப்படும் ஒற்றுமைகளுக்கும் செய்து பார்க்கலாம். ‘எட்டு’, ‘எய்ட்’ என்ற இணை பலரை ஈர்க்கிறது. பின்னோக்கிச் சென்றால் ஆங்கிலச் சொல் ‘எஅஹ்தா’ ஆகிறது, ஜெர்மனில் ‘அஹ்ட்’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. தமிழ்ச் சொல்லோ எண்பது, எண்ணூறு என்பவற்றில் தன் மூக்கொலியைக் காட்டுகிறது. கன்னடத்தில் அது இன்றும் ‘எண்டு’. பழமைக்குச் செல்லச் செல்ல இரண்டும் விலகிப் போகின்றன. ‘ஒன்று’, ‘ஒன்’ என்ற இணையும் அப்படித்தான்: ஆங்கிலச் சொல் பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’, இன்றைய ஒலிப்பின் முதலில் உள்ள வகரம் பிற்காலத்தில் ஒட்டியது. உண்மையான உறவுச் சொற்கள் காலத்தில் பின்னே போகப் போக நெருங்கி வரும் என்பதால், இவ்விரு இணைகளையும் கைவிட வேண்டியதுதான். இதற்கு மாறாக, ‘கட்டுமரம்’, ‘சுருட்டு’, ‘மிளகுத்தண்ணீர்’ ஆகிய தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தில் ‘கடமரான்’, ‘ஷெரூட்’, ‘மல்லிகடானி’ என நுழைந்ததற்குப் பயணிகளும் வணிகர்களும் எழுதிய ஏடுகளே சான்று. ‘காசு’ சற்றுச் சிக்கலானது. கிழக்கு நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கேஷ்’ போர்ச்சுக்கீசியர் வழியாகத் தமிழிலிருந்து சென்றது. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாயினும் அவை இரு வேறு சொற்கள்.

முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் பிறந்தது என்னும் கதைகளுக்கு நேரம் செலவிட வேண்டாம். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்பவற்றின் முதலெழுத்துகளிலிருந்து ‘நியூஸ்’ வந்தது என்பது அவ்வகைக் கதை. புதியது என்ற பொருளுடைய ‘நியூ’ என்பதன் பன்மையே அது. இருபதாம் நூற்றாண்டுக்கு முன் இவ்வாறு சொல் உருவாவது மிக அரிது.

கை பழக, முதலில் ‘ரெட்’ என்ற நிறப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். குருதியைக் குறிக்கும் வடமொழி ‘ருதிரம்’, இலத்தீன் ‘ரூபெர்’, கிரேக்க ‘எருத்ரோஸ்’ ஆகியவற்றோடு, மேலே சொன்ன மூச்சொலித் தகரத்தின் விதிப்படியே அது பொருந்திவரும். அடுத்துப் பசுவைக் குறிக்கும் ‘கவ்’ என்பதையும் மாட்டிறைச்சியைக் குறிக்கும் ‘பீஃப்’ என்பதையும் சேர்த்து ஆராய்ந்தால், பரம்பரைச் சொல்லும் பிரெஞ்சுக் கடன்சொல்லும் ஒரே வேரில் சென்று சேர்வதைக் காணலாம். ‘பாய்’, ‘கேர்ள்’ ஆகிய இரண்டையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்: ‘கேர்ள்’ 1300ஐ ஒட்டி ஆண், பெண் என்ற வேறுபாடின்றிக் குழந்தையைக் குறித்தது என்பது வரை அகராதி அழைத்துச் செல்லும், அதற்குமேல் உறுதியான வழி இல்லை.